ஏழாம் நம்பர் ஹைட்கேஜ்

சவரியப்பன் இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றதற்கு யாரும் காரணமில்லை. ஓமான் நாட்டு விமான நிலையத்தில், சுங்கச் சோதனை மேசைக்கு முன்னால், சூட்கேஸைத் திறக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். ஜிப்பை இழுத்தார். மனைவி லூர்தம்மாள் கட்டிக் கொடுத்த எள்ளுருண்டை டப்பாவையும் ராகி மாவுப் பையையும் ஒதுக்கினார். லுங்கிக்குள் சுற்றி வைத்திருந்த மரப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஓரடி பின்னால் நகர்ந்தார், கைகளைத் தூக்கினார்.

இளவயது அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அந்த மேசைக்கு முன்னால் அப்படி ஒருவர் நின்று அவர் பார்த்ததில்லை போலும். பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு மரப்பெட்டியின் கொக்கியை நீக்கினார்.

கையைத் தூக்கியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சவரியப்பன் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதத்தை எடுத்து, யாரும் கேட்காமலே நீட்டினார்.

"பில், சார்."

இருபத்துநான்கு வருஷப் பழக்கம் அது. ஓசூர் சிப்காட் முதல் பேஸில் எல்லாரும் 'நீலக்கேட் கம்பெனி' என்று சொல்லும் பம்ப் உதிரிபாகக் கம்பெனியில், தொண்ணூற்றேழில் பத்தொன்பது வயதுப் பையனாகச் சேர்ந்தார். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிவிட்டுக் கைகளைத் தூக்க வேண்டும். காவலாளி அக்குளிலிருந்து முட்டிவரை தடவிப் பார்த்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவார். கூடவே வேலை பார்த்த ஒருவருடைய டிபன் பாக்ஸில், சோற்றுக்கு அடியில், ஒரு நாள் ஒரு பேரிங் இருந்தது. மறுநாள் அவருடைய சைக்கிள் மட்டும் ஸ்டாண்டில் நின்றது. அதை எடுக்கக்கூட அவர் வரவில்லை. அந்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டே ஒரு வருஷம் வேலைக்குப் போய் வந்தார் சவரியப்பன். அதன் பிறகு அவர் பையில் ஒரு நட்டு இருந்தாலும் அதற்கொரு கேட்பாஸ் இருக்கும்.

பில்மீது அவருக்கு இருந்த பக்திக்கு இன்னொரு காரணம் ஊர். எல்லையோரத்தில் வாழ்கிறவனுக்குப் பொருள் பாதி, பில் பாதி. பெங்களூரில் எதை வாங்கினாலும் அத்திப்பள்ளி தாண்டி, ஜூஜூவாடி சோதனைச்சாவடி தாண்டித்தான் வீட்டுக்குக் கொண்டுவர முடியும் என்றிருந்த காலம். கல்யாணமான புதிதில் அங்கே ஒரு டேபிள் ஃபேன் வாங்கிக்கொண்டு இருவரும் பஸ்ஸில் வந்தார்கள். ஜூஜூவாடியில் பஸ் நின்றது. சவரியப்பன் எழுந்து பில்லை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அஞ்சு நிமிஷம் நின்றார். பிறகுதான் தெரிந்தது, டிரைவர் டயரைப் பார்க்க இறங்கியிருந்தார் என்று. சாவடிக்காரர்கள் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பஸ்ஸை ஏறிட்டும் பார்க்கவில்லை. லூர்தம்மாள் அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்பு, இருபது வருஷமாகியும் முழுசாக முடியவில்லை.

இப்போது அந்த பில்தான் வினையாக வந்தது.

பெட்டிக்குள் இருந்தது ஒரு ஹைட்கேஜ். கனமான எஃகு அடித்தளம், அதன்மேல் ஒரு முழ உயரத்துக்குச் செங்குத்தான கம்பம், கம்பத்தில் மேலும் கீழும் நகரும் கூர்மையான அலகு. சமதளக் கல்மேல் வைத்து, செய்த பொருளின் உயரத்தை அளப்பதற்கானது. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கை அது சொல்லும். அடித்தளத்தின் பக்கவாட்டில் கம்பெனியின் எழுத்துகளும், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் எண் ஏழும் செதுக்கியிருந்தார்கள். எண்ணெய் பூசித் துடைத்த உடம்பு விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது.

பில்லில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: 'பயன்பாட்டுக்கு ஆகாத எஃகு ஸ்கிராப். எடை ஐந்து கிலோ நானூறு கிராம்.'

அதிகாரி பில்லைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், செதுக்கிய எண்ணைப் பார்த்தார். மறுபடி சவரியப்பனைப் பார்த்தார். சவரியப்பன் கைகளை இன்னும் முழுசாக இறக்கியிருக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவர் வெளியே வந்தபோது எள்ளுருண்டையும் ராகி மாவும் சூட்கேஸில் இருந்தன. மரப்பெட்டி இல்லை. அதற்குப் பதிலாக மூன்றாக மடித்த ஒரு படிவம் இருந்தது.

படிவத்தை அவருக்குப் படித்துச் சொன்னவர் பைஜு. சவரியப்பன் வேலை பார்க்கும் வால்வு ஒர்க்‌ஷாப்பில் விசா, கஸ்டம்ஸ் என்று அரசாங்க வேலைகளைப் பார்க்கிற பாலக்காட்டுக்காரர். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும்.

"முப்பது நாள் டைம் கொடுத்திருக்காங்க சேட்டா. அதுக்குள்ள உங்க சாதனம்னு ப்ரூஃப் காட்டணும். இல்லேன்னா அவங்க எடுத்துப்பாங்க."

"பில் குடுத்தேனே பைஜு."

"அதுதான் பிரச்சினை. பில்லுல ஸ்கிராப். பெட்டில ஃபைன் இன்ஸ்ட்ருமென்ட். மேல ஒரு கம்பெனி நம்பர். பில் காட்டலேன்னா, பழைய டூல் ஒண்ணுன்னு விட்டிருப்பாங்க. ஆரு கேட்பாங்க?"

"பில் இல்லாம எப்படி ஒரு சாமானைத் தூக்கிட்டு வர்றது?"

பைஜு படிவத்தின் நடுவில் ஒரு வரியின்மேல் விரலை வைத்து, கொஞ்சம் தயங்கி, படித்தார்.

"'பிறர் சொத்து எனச் சந்தேகம்'னு போட்டிருக்கு. மார்ச்சுல உங்க விசா புதுப்பிக்கணும். இந்த லைன் ஃபைல்ல இருந்தா மேனேஜர் கேட்பாரு. அதுக்கு முன்னாடி கிளியர் பண்ணிடணும்."

விசா சவரியப்பனின் காதில் ஏறவே இல்லை. பிறர் சொத்து என்ற இரண்டு சொல்லோடு அவர் நின்றுவிட்டார். ஓசூரை அடுத்த பேரிகை ஊருக்குப் பக்கத்தில் மானாவாரியில் ராகி விதைத்த குடும்பத்தில் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, இருபத்துநான்கு வருஷம் தினம் ஒரு தரம் கையைத் தூக்கிக் காட்டி, ஒரு தரம்கூட எதுவும் அகப்படாமல் வெளியே வந்த உடம்பு. அதன்மேல் முதன்முதலாக அந்த எழுத்து விழுந்திருந்தது. அதுவும் அந்தக் கேஜின் பேரில்.

அந்தக் கேஜ் அவர் கைக்கு வந்தது இரண்டாயிரத்து மூன்றில். ஆபரேட்டராக இருந்தவரைத் தரக்கட்டுப்பாட்டுக்கு மாற்றிய மாதம் அது. ஸ்டோரில் இருந்த திம்மப்பன், எண்ணெய்த் தாளைக்கூடப் பிரிக்காத புதுப் பெட்டியை கவுன்ட்டர் வழியாகத் தள்ளி, "ஏனப்பா சவ்ரி, இது கீழ விழுந்தா நீயும் கூட விழுந்துடு, எழுந்து வராதே" என்று சொல்லிக் கொடுத்தார். திம்மப்பனுக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், வேலையில் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும்.

பதினேழு வருஷம் அந்தக் கேஜ் இல்லாமல் சவரியப்பன் ஒரு ஷிப்டும் பார்த்ததில்லை. கோவிட் ஊரடங்கு முடிந்து கம்பெனி திறந்த ஆகஸ்டில், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் செய்கிற பரிசோதனையைச் செய்தார். கேஜ் நாற்பது மைக்ரான் கூட்டிக் காட்டியது. தலைமுடியில் பாதிப் பருமன். மறுபடி வைத்தார். நாற்பதே வந்தது. அடித்தளம் தேய்ந்துவிட்டிருந்தது.

மேனேஜர் வந்து பார்த்தார். "இன்னும் ஆறு மாசம் ஓட்டலாம் சவரி. எழுதாத."

"ஓட்டலாம் சார். அளந்த பீஸ் எல்லாம் நாற்பது மைக்ரான் பொய் சொல்லும்."

எழுதினார். ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அன்றைக்கு சாயங்காலம் லூர்தம்மாள், "என்னங்க, யாராச்சும் போயிட்டாங்களா" என்று கேட்டாள்.

மறுவருஷம் கம்பெனியே கை மாறியது. வாங்கியவர்கள் எல்லாவற்றையும் ஆனேக்கல் பக்கம் கர்நாடகாவுக்குக் கொண்டுபோனார்கள். புது மெஷின்களை லாரியில் ஏற்றினார்கள், பழசு முழுவதையும் தராசில் ஏற்றினார்கள். திம்மப்பன் போய்ச் சண்டை போட்டு, ஸ்கிராப்பில் வேண்டியதை எடுத்துக்கொள்ளத் தொழிலாளிகளுக்கு முதல் உரிமை வாங்கித் தந்தார். ஒருவர் பெஞ்ச் வைஸ் எடுத்தார், ஒருவர் லாக்கர் கதவை எடுத்தார். சவரியப்பன் ஏழாம் நம்பர் பெட்டியைத் தராசில் வைத்தார்.

"என்னன்னு எழுதட்டும்?" என்றார் திம்மப்பன்.

"ரூல்ல என்ன இருக்குதோ அதை எழுதுங்கண்ணா."

அப்படித்தான் அந்த பில் பிறந்தது.

நீலக்கேட் வாசலில் அவரைக் கடைசியாகத் தடவிப் பார்த்த காவலாளி பெட்டியைத் திறந்து, பில்லைப் பார்த்து, சலாம் வைத்து அனுப்பினார். மத்திகிரியில் தாங்கள் கட்டிய வீட்டில், டிவிக்கு மேல் தட்டில் அது உட்கார்ந்தது. அடுத்த வருஷம் அவர் ஓமானுக்கு வந்தார். இங்கே அளப்பதற்குக் கம்ப்யூட்டர் மெஷின் இருந்தது. எண் தானாகத் திரையில் விழும். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மூன்று வருஷமாக, காலையில் மேசைக்கு வந்ததும் அவருடைய வலது கை இடப்பக்கம் ஒரு பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தது. இந்தக் கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்குப் போனவர் அதைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்.

"என்னைக் கட்டிக் கூட்டிட்டு வந்தப்பக்கூட இப்படி மடியில வெச்சுக்கல" என்றாள் லூர்தம்மாள்.

*

கேஜ் சவரியப்பனுக்கு விற்றதுதான் என்று ஒரு லெட்டர் வாங்கப் புதுக் கம்பெனிக்குப் போன லூர்தம்மாள், பத்தாம் நாள் போனில் சொன்னாள்: "போயிட்டு வந்துட்டேங்க. ஆனேக்கல் தாண்டி எங்கியோ காட்டுக்குள்ள இருக்குது. வாட்ச்மேன் கன்னடத்துல வெரட்டுனான், நான் அதுக்கு மேல கன்னடத்துல பேசுனேன். உள்ள உக்கார வெச்சு காப்பி குடுத்தாங்க."

"லெட்டர்?"

"ஆபீஸ்ல ஒரு பொண்ணு. நம்ம பிரவீனாவை விட ரெண்டு மூணு வயசு மூத்தது. பழைய கம்பெனி பேப்பரெல்லாம் பேப்பர்காரனுக்குப் போட்டாச்சும்மான்னு சொல்லுது. எங்களுக்குத் தெரியாத சாமானுக்கு நாங்க எப்படி எழுதித் தர்றதுன்னு கேக்குது. கேக்கறது நியாயந்தானே?"

"நியாயந்தான்."

"திம்மப்பண்ணனைக் கேட்டா என்ன?"

"அவர வேண்டாம்."

"ஏன்?"

"அவரு எழுதுன பில்லு அது. உன்னாலதான் மாட்டிக்கிட்டேன்னு நான் சொல்லி அனுப்புன மாதிரி ஆயிடும்."

"அப்ப சரி. அந்த இரும்பு அங்கயே கெடக்கட்டும். நீங்க கௌரவத்தை வெச்சு அளந்துக்கினு இருங்க."

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ஓமானில் வார விடுமுறை வெள்ளி என்பதால் பூசையும் வெள்ளியில்தான். பூசை முடிந்து அறைக்குத் திரும்பி, மதிய வெயிலில் ஒர்க்‌ஷாப் மதிலோரம் நிழல் தேடி உட்கார்வார் சவரியப்பன். ஜனவரியிலும் அங்கே வெயில் பல்லைக் காட்டும். அதே ஜனவரியில் ஓசூரில் பத்தடிக்கு முன்னால் போகிற ஆள் தெரிய மாட்டான். காலை ஷிப்டுக்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக, சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே பனிக்குள் போக வேண்டும். எதிரே வருகிறவனும் மணி அடிப்பான். அந்த மணியை வைத்தே யாரென்று சொல்லிவிடலாம். கிருஷ்ணகிரியிலிருந்து வருகிற பஸ்ஸில் ஊத்தங்கரைப் பையன்கள் நின்றுகொண்டே தூங்கி வருவார்கள். சங்கு ஊதும் சத்தத்தில் கண்ணைத் திறந்து, இறங்கி, நேராக மெஷினுக்குப் போவார்கள்.

கேன்டீனில் வியாழக்கிழமை ராகிக்களியும் கீரைக்குழம்பும். அன்றைக்கு மட்டும் மதுரைப் பக்கத்துக்காரர்கள் வீட்டுச் சாப்பாடு கொண்டு வருவார்கள். "களியை மென்னா தின்பீங்க, முழுங்குங்கய்யா" என்று திம்மப்பன் அவர்களைப் பிடித்து உட்காரவைத்துப் பாடம் எடுப்பார். மெஷின் சூடாகாமல் இருக்க ஊற்றும் கூலன்ட் எண்ணெயின் நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு கிரைண்டிங் செக்‌ஷன்ல நின்னீங்களா" என்று லூர்தம்மாள் அடுப்படியிலிருந்து கேட்பாள். அந்த நாற்றத்தை நினைத்து ஒரு நாள் ஏங்க வேண்டியிருக்கும் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். இந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் எண்ணெய் இருக்கிறது. வேறு கம்பெனி எண்ணெய். கழுவினால் போய்விடுகிறது.

வீட்டு பீரோவில் அவர் ஒரு கோப்பு வைத்திருந்தார். வீட்டுப் பத்திரம், ஃபேன் பில், பிரவீனாவுக்குத் தாலுகா ஆபீஸில் வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்காக நான்கு நாள் லீவு போட்டு அலைந்தார். குடும்பத்தில் இதற்குமுன் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்த காகிதத்தை, பட்டமே வாங்கிவிட்ட மாதிரி ஊரெல்லாம் காட்டினார். அப்படிப்பட்ட கோப்பில் இந்தப் படிவத்தை எங்கே வைப்பது? மகளிடம் இதைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று லூர்தம்மாளிடம் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

*

இருபத்துநான்காம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் லூர்தம்மாளின் வீடியோ கால் வந்தது. எடுத்தால் திரை முழுக்க மஞ்சள். சாமந்தித் தோட்டம். அதன் நடுவே தலையில் துண்டு கட்டிய ஒரு முகம், கேமராவுக்கு மிக அருகில், மூக்கு மட்டும் பெரிசாக.

"ஏனப்பா சவ்ரி. ஃபாரின் போயும் கேட்பாஸ் காட்டினியாமே."

பேரிகைக்குத் திம்மப்பனைத் தேடிப் போய்விட்டாள் லூர்தம்மாள்.

"காட்டிட்டேண்ணா."

"கையையும் தூக்கினியாமே."

"அதை யாரு உங்ககிட்ட சொன்னது?"

திரைக்கு வெளியே லூர்தம்மாள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவளிடமும் அவர் சொல்லவில்லைதான். பைஜுவிடம் மட்டும் சொன்னதை, அவர் லூர்தம்மாளுக்குப் போனில் சொல்லியிருக்க வேண்டும்.

திம்மப்பன் போனைத் தள்ளிப் பிடித்தார். இப்போது முழு முகம் தெரிந்தது. மீசை முழுக்க நரைத்திருந்தது. "நான் எழுதினது தப்பா? அதைச் சொல்லு மொதல்ல."

"இல்லண்ணா. தப்புன்னு யாரு சொன்னாங்க? நான்தானே ரூல்படி எழுதச் சொன்னேன்."

"அதான். ரூல்படி அது ஸ்கிராப். யாரு அதை ஆகாதுன்னு எழுதினது? நீ. மேனேஜர் வேணாம்னாரு, நீ எழுதினே. கார்டுல இருக்குதே."

"கார்டெல்லாம் பேப்பர்காரனுக்குப் போயிடுச்சுண்ணா. லூர்து போய்க் கேட்டுட்டு வந்துட்டா."

ஒவ்வொரு கருவிக்கும் கம்பெனியில் ஒரு அட்டை உண்டு. அது எப்போது வந்தது, யார் எப்போது பரிசோதித்தார்கள், எவ்வளவு பிழை காட்டியது என்று பிறந்த நாள் முதல் எழுதி வருகிற அட்டை.

"போச்சு. முந்நூறு கார்டு போச்சு, என் கண்ணு முன்னாடிதான் தூக்கினு போனான். உன்னுது எப்படிப் போகும்? நீ காசு குடுத்து வாங்கிட்டே இல்ல? கருவி எங்கியோ கார்டு அங்க. இருபத்தாறு வருஷம் ஸ்டோர்ல நான் வேற என்னத்தைக் கிழிச்சேன்?" ஒரு சாமந்தியைக் கிள்ளி எறிந்தார். "பெட்டிக்குள்ள பச்சைத் துணி ஒட்டியிருக்குமே, ஒரு மூலை பேந்துக்கிட்டு? அதுக்கு அடியில பாரு."

சவரியப்பனுக்கு அந்த மூலை நன்றாகத் தெரியும். லீவில் துடைக்கும்போது பசை விட்டுவிட்டது என்று நினைத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வைத்திருக்கிறார்.

"என்கிட்ட சொல்லவே இல்லியேண்ணா."

"நீ கேக்கவே இல்லியே. அன்னிக்கு நீ மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கினு நின்னே. என்னத்தைச் சொல்றது? வெச்சேன், மூடுனேன், குடுத்தேன்." பிறகு குரலை இறக்கி, "இத்தனை நாளா ஏம்ப்பா ஒரு போன் பண்ணல?" என்றார்.

சவரியப்பன் சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளினார்.

"பிடு, பிடு. விட்டுத் தள்ளு. போய்க் கார்டை எடு," என்று போனை லூர்தம்மாளிடம் நீட்டிவிட்டார் திம்மப்பன்.

*

இருபத்தேழாம் நாள்தான் நேரம் கிடைத்தது. பைஜுவும் கூட வந்தார். இந்த முறை விமான நிலையத்து இளைஞர் இல்லை. தனி அலுவலகம், நரைத்த தாடி வைத்த மூத்த அதிகாரி. நாற்காலியைக் காட்டினார். மரப்பெட்டி மேசைமேல் இருந்தது. கயிறு சுற்றி, அரக்கு முத்திரை வைத்து, எண் ஒட்டியிருந்தார்கள்.

பைஜு அரபியில் விளக்கினார். அதிகாரி முத்திரையை உடைத்தார், கேஜை இரண்டு கைகளாலும் தூக்கி ஒரு துணிமேல் வைத்தார். அவர் தூக்கிய விதத்தைப் பார்த்ததும், இத்தனை நாள் கேஜுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சவரியப்பனுக்கு நிம்மதி வந்தது. அதிகாரி பெட்டிக்குள் பச்சைத் துணியின் மூலையைப் பிடித்து இழுத்தார். பசை காய்ந்த சத்தத்தோடு அது பிரிந்து வந்தது.

அடியில் நான்காக மடித்த, பழுப்பேறிய அட்டை.

அதிகாரி அதை விரித்துப் படித்தார். மேலே ஆங்கிலத்தில் கருவியின் பெயர், செதுக்கிய அதே எண். கீழே கட்டம் கட்டமாக முப்பத்தைந்து வரிகள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவரியப்பனுக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. அவருக்கு நேராகத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

முதல் வரி, இரண்டாயிரத்து மூன்று ஜூன். பிழை பூஜ்யம். கையெழுத்து ஒவ்வொரு எழுத்தாக, பரீட்சை எழுதுகிறவன் மாதிரி. இங்கிலீஷில் போடப்பா என்று மேனேஜர் சொன்னார். சரி சார் என்று சொல்லிவிட்டுத் தமிழிலேயே போட்டார். ஏழாவது வரியில்லை, எட்டாவது, இரண்டாயிரத்து ஆறு டிசம்பர். அதில் மட்டும் அவர் கையெழுத்து இல்லை. 'சவரிக்காக, திம்மப்பன்' என்று கோணல் எழுத்து. பிரவீனா பிறந்த வாரம் அது. கிருஷ்ணகிரியில் மாமியார் வீட்டில் இருந்தார். ஸ்டோர்காரர் அதில் கையெழுத்துப் போடக் கூடாது, அன்றைக்குப் பரிசோதித்து எழுதியவர் வேறு ஆள். ஆனால் சவரியின் கட்டத்தில் வேறு யாரும் பேர் போடக் கூடாது என்று திம்மப்பன் பிடிவாதம் பிடித்தாராம். இரண்டாயிரத்து எட்டு டிசம்பர், ஆர்டர் இல்லாமல் வாரம் மூன்று நாள் மட்டும் மெஷின் ஓடிய காலம். செய்ய வேலையில்லாமல் அந்தக் கேஜை ஒரே நாளில் நான்கு தரம் பரிசோதித்தார். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜூன் வரியில் ஒரு சாம்பல் நிற விரல் ரேகை. மத்திகிரி வீட்டுக்குத் தளம் போட்ட மறுநாள், நகக்கண்ணில் சிமென்ட்டோடு வந்திருந்தார். அதற்குக் கொஞ்சம் கீழே வட்டமாக ஒரு நீர்க்கறை, ஷெட் கூரை ஒழுகிய மழைக்காலத்தில் விழுந்தது. வரிக்கு வரி கையெழுத்து வேகமெடுத்து வந்தது. கடைசி எழுத்தின் வால் நீண்டுகொண்டே போனது.

முப்பத்தைந்தாவது வரியில் அந்த வால் இல்லை. பிழை, கூடுதல் நாற்பது மைக்ரான். பயன்பாட்டுக்கு ஆகாது, ஸ்கிராப். அதன்கீழ் சின்னதாக, நெருக்கி எழுதிய சவரியப்பன்.

அதிகாரி பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினார். கையெழுத்துப் பக்கத்தை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். கையெழுத்து தமிழில், அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. ஆகவே படிக்கவில்லை, வளைவுகளைப் பார்த்தார். ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்தினார். எட்டாவது வரியில் விரல் நின்றது.

"இது வேறு ஆள்," என்றார் ஆங்கிலத்தில்.

"ஆமா சார். அன்னிக்கு எனக்குப் பொண்ணு பிறந்துச்சு." பைஜு அதை அரபியில் சொன்னார். அதிகாரியின் தாடி லேசாக அசைந்தது.

கடைசி வரிக்கு வந்தார். பில்லை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஸ்கிராப், ஸ்கிராப். இரண்டிலும் அதே சொல்.

"இதை ஆகாது என்று எழுதியது நீதானா?"

"நான்தான் சார்."

"பிறகு நீயே ஏன் வாங்கினாய்? தப்பாக அளக்கிற கருவி உனக்கு எதற்கு?"

சவரியப்பன் கேஜைப் பார்த்தார்.

"எவ்வளவு தப்புன்னு எனக்குத் தெரியும் சார்."

பைஜு ஒரு கணம் யோசித்துத்தான் அதை மொழிபெயர்த்தார். அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "வேலைக்கு இதை வைத்து அளப்பாயா?" என்று கேட்டார்.

"இல்ல சார். வேலைக்கு எடுத்தா தப்பு. சும்மா மேசைமேல இருக்கும்."

அதிகாரி படிவத்தை இழுத்து, 'பிறர் சொத்து' என்றிருந்த வரியின்மேல் ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் ஏதோ எழுதி முத்திரை வைத்தார். இன்னொரு தாளை எடுத்து நிரப்பி, கீழே ஒரு கட்டத்தைக் காட்டிப் பேனாவைக் கொடுத்தார்.

கட்டத்துக்கு மேலே இருந்த சொல்லைப் பைஜு படித்துச் சொன்னார்: "உரிமையாளர்."

அந்த அட்டையில் முப்பத்துநான்கு தரம் அவர் பேர் எழுதியது 'பரிசோதித்தவர்' என்ற சொல்லுக்குக் கீழே. பேனாவை வாங்கினார். கை ஒரு நொடி முதல் வரியின் கை மாதிரி நிதானித்தது. பிறகு எழுதிவிட்டுக் கடைசி எழுத்தின் வாலை இழுத்தார். கட்டத்தைத் தாண்டி, தாளின் ஓரம்வரை போய் நின்றது.

பைஜு காரைக் கொண்டுவரப் போனார். சவரியப்பன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அலுவலக வாசலுக்கு வந்தார். வாசலில் ஒரு காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். சவரியப்பனின் கால் தானாக நின்றது. காவலாளி தலை தூக்கி, போ போ என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி போனுக்குள் போனார். இரண்டு கையிலும் பெட்டி இருந்ததால், அன்றைக்கு கையைத் தூக்க வழியும் இல்லை.

சாயங்காலம் லூர்தம்மாள் கூப்பிட்டாள்.

"வந்துச்சா அந்த இரும்பு?"

"வந்துச்சு. மேசைமேல வெச்சிருக்கேன்."

"திம்மப்பண்ணனுக்குச் சொன்னீங்களா?"

"மொதல்ல அவருக்குத்தான் சொன்னேன். ஒரு கிலோ சாமந்தி குடுத்து அனுப்பறாராம் உனக்கு."

"ம். பிரவீனாகிட்டயும் சொல்லிட்டேன், கோவிச்சுக்காதீங்க. அந்தக் கார்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றா. அவ பொறந்த லைன் வேணுமாம்."

"அனுப்பறேன்."

"சரி, ஒண்ணு கேக்கறேன். அடுத்த லீவுக்கு வரும்போது அதையும் தூக்கிட்டுத்தானே வருவீங்க?"

சவரியப்பன் கேஜைத் திரும்பிப் பார்த்தார். அதை அவர் இன்னும் யோசித்திருக்கவில்லை. ஆனால் சொன்னதும் யோசனை முடிந்துவிட்டது. "விட்டுட்டா வர முடியும்?"

"தூக்கிட்டு வாங்க, வேணாம்னு சொல்லல. பெங்களூர் ஏர்போர்ட்டுல அவங்களா கேட்டாத்தான் பில்லை எடுக்கணும். டயர் பார்க்க நிறுத்தினாலும் நிறுத்தியிருப்பாங்க."